தம் குரலைக் கேட்ட வாத்தியார்கள்

உலகத்தில் கேள்விகள் பலவகை. குழந்தை கேட்கிற கேள்வி ஒரு வகை. அதற்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையினால் கேட்கிறது. கோர்ட்டில் வக்கீல் கேட்கிற கேள்வி இன்னொரு வகை. அவருக்குப் பதில் முன்பே தெரியும். அது சாட்சியின் வாயிலிருந்து வரவேண்டும் என்பதற்காகக் கேட்கிறார். பள்ளிக்கூடத்து வாத்தியார் கேட்கிற கேள்வி இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது? சற்று யோசித்தால், அவர் கறுப்புக் கோட்டுப் போடாத வக்கீல் என்பது விளங்கும். பதில் அவர் கையில் பத்திரமாக இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நாற்பது குழந்தைகளுக்கும் அது தெரியும். ஆகவே அவர்கள் விஷயத்தைப் பற்றி யோசிப்பதில்லை. வாத்தியாருடைய முகத்தைப் பார்த்து, அவர் மனத்தில் இருக்கும் பதில் எது என்று ஊகிக்கிறார்கள்.

இந்த ஒரு சங்கடத்தைத் தீர்ப்பதற்காக மேல்நாட்டு உபாத்தியாயர்கள் சிலர் பட்ட பாடு ஒரு நல்ல நாவலுக்கு உரிய கதை. நாவலாக எழுதினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்ற பயத்தினால் கட்டுரையாக எழுதுகிறேன்.

கதை 1896-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரில் தொடங்குகிறது. அங்கே சர்வகலாசாலையில் தத்துவம் போதித்துக்கொண்டிருந்த ஜான் டூயி என்பவர், தம் கொள்கைகளைச் சோதித்துப் பார்க்கச் சிறுவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஆடையின் சரித்திரத்தை அங்கே சொல்லித்தந்த விதம் விசித்திரமானது. சரித்திரப் புத்தகத்தை எடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளின் கையில் கொஞ்சம் பருத்தியையும், கொஞ்சம் ஆட்டு ரோமத்தையும் கொடுத்துவிட்டார்கள்.

நம் முன்னோர் ரோம ஆடையை வெகுகாலம் உடுத்தினார்களே, பருத்தி ஆடை ஏன் தாமதமாக வந்தது என்பது பிரச்னை. ஒரு குழுவைச் சேர்ந்த பிள்ளைகள் பருத்திக் காயிலிருந்து பஞ்சைப் பிரித்து, கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கிடைத்த பஞ்சு ஓர் அவுன்சு கூட இல்லை. விரல் வலித்தது, விஷயம் விளங்கிவிட்டது! ஒருவர் ஒரு நாள் முழுவதும் கையால் பாடுபட்டாலும் ஒரு ராத்தல் பஞ்சுதான் தேறும் என்பதை அந்தப் பிள்ளைகள் எளிதில் நம்பினார்கள். எலி விட்னி 1793-ல் கொட்டை நீக்கும் யந்திரத்தைச் செய்ததும், அமெரிக்காவின் தென் மாகாணங்களில் பருத்திச் சாகுபடி பெருகியதும், அதோடு கூடவே அடிமை வியாபாரக் கொடுமை பெருகியதும் ஏன் என்பது அப்படி விரல் வலித்தவர்களுக்கு எளிதில் புரியும்.

இப்படிப் பிள்ளைகளே விசாரித்து உண்மையைக் கண்டுபிடிக்கும் முறைக்கு விசாரணை முறை என்று பெயர் வைக்கலாம். சரித்திரம், பூகோளம், குடிமைப் பயிற்சி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் ‘சமூகக் கல்வி’ என்று ஒரு பாடம் அமெரிக்காவில் 1916-ல் ஒரு கமிட்டியின் சிபாரிசினால் வலுப்பெற்றபோது, டூயியின் கருத்துக்கும் அதில் பங்கு இருந்தது.

கருத்து நல்லதுதான். ஆனால் நல்ல கருத்துக்களுக்கு ஒரு சாபம் உண்டு. அவை ஊர் விட்டு ஊர் போகும்போது உடம்பு மட்டும் போய்ச் சேரும். உயிர் வழியிலேயே தங்கிவிடும். ‘பிள்ளைகளைக் கேள்வி கேள்’ என்ற கட்டளை எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. வாத்தியார்களும் கேட்டார்கள். ஆனால் அது பழைய வக்கீல் கேள்வியாகவே இருந்தது.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் எந்த ராஜாவைப் பற்றிக் கேட்டாலும், ‘சாலையின் இரு மருங்கிலும் மரங்களை நட்டார், குளங்களை வெட்டினார்’ என்று எழுதினால் ஒரு மார்க் நிச்சயம். அசோகருக்கும் அது பொருந்தும், ஷெர்ஷாவுக்கும் பொருந்தும். எங்கள் சரித்திர வாத்தியார், “நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்” என்று அடிக்கடி சொல்லுவார். நாங்களும் யோசிப்பது போல் ஒரு நிமிஷம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டு மரத்தையும் குளத்தையும் சொல்லுவோம். அவருக்கும் பரம திருப்தி. எங்களுக்கும் பரம திருப்தி. இத்தனை மரங்களை நட்ட ராஜாக்கள் காலத்தில் சாலையில் நடந்து போனவன் யார், குளம் வெட்டக் கூடை சுமந்தவன் யார், அவனுக்குக் கூலி கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும் என்பது எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அந்த வாத்தியார் கெட்டவர் அல்ல, சோம்பேறியும் அல்ல. பிள்ளைகளைச் சுயமாகச் சிந்திக்க வைப்பதாகவே அவர் மனப்பூர்வமாக நம்பியிருப்பார். இங்கேதான் சிக்கல் இருக்கிறது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது வாத்தியார்களுக்கும் பொருந்துகிற பழமொழிதானே? அந்த முதுகை அவருக்குக் காட்டுவது யார்? இன்ஸ்பெக்டர் வருகிற தினத்தில் வாத்தியார் முதுகையே காட்டமாட்டார். சர்வகலாசாலைப் பேராசிரியர் எழுதுகிற புத்தகத்தில் வாத்தியாருடைய முதுகு இருக்காது. பொதுவான முதுகு ஒன்று இருக்கும்.

இதற்கு ஒரு வழி, பள்ளிக்கூடத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலிருந்து வந்தது. சமையலறையிலிருந்து வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

கர்ட் லெவின் என்ற மனோதத்துவ நிபுணர் ஜெர்மனியில் வாழ்ந்த யூதர். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-ல் நாட்டை விட்டு அமெரிக்காவுக்குப் போனார். அவருடைய தாயார் நாஜிகளின் கொலைமுகாமில் மாண்டாள். ஒரு மனிதன் கட்டளை இடுவதும் மற்றவர்கள் கேள்வி கேட்காமல் கீழ்ப்படிவதும் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் மாமிசத்துக்குத் தட்டுப்பாடு. மாட்டின் இருதயம், சிறுநீரகம் முதலிய பாகங்களை அங்குள்ள குடும்பப் பெண்கள் அருவருத்து ஒதுக்கிவந்தார்கள். அவற்றையும் சமைக்கும்படி அவர்களை இணங்கவைக்க வேண்டும் என்று சர்க்கார் விரும்பியது. லெவின் ஒரு சோதனை நடத்தினார். சில பெண்கள் கூட்டங்களில் நிபுணர் ஒருவர் அழகாகப் பிரசங்கம் செய்தார். சத்து, சிக்கனம், தேசபக்தி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். வேறு சில கூட்டங்களில் பிரசங்கம் இல்லை. பெண்களே கலந்து பேசி, தங்கள் தயக்கங்களைச் சொல்லி, கடைசியில் தாங்களே முடிவு செய்தார்கள். பிற்பாடு விசாரித்துப் பார்த்தபோது, பிரசங்கம் கேட்டவர்களில் 100-க்கு 3 பேர்தான் அந்த மாமிசத்தைச் சமைத்திருந்தார்கள். கலந்து பேசியவர்களில் 100-க்கு 32 பேர்! பிறர் சொல்லிக் கேட்ட முடிவு காதோடு நின்றுவிடுகிறது. தானே பேசி எடுத்த முடிவு அடுப்பங்கரை வரை போகிறது.

1946-ல் லெவின் இன்னும் ஒரு படி மேலே போனார். கனெக்டிகட் மாகாணத்தில் இன வேற்றுமையை எதிர்த்து வேலை செய்வோருக்காக ஒரு பயிற்சி முகாம் நடந்தது. பகலில் அவர்கள் பேசுவதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்து, ராத்திரி தங்களுக்குள் கூடி விவாதிப்பார்கள். ஒரு நாள், பயிற்சி பெற வந்த சிலர், “நாங்களும் உட்கார்ந்து கேட்கலாமா?” என்றார்கள். லெவின் சம்மதித்தார். தங்களைப் பற்றிய குறிப்புகளைக் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? நடந்தது அப்படி அல்ல என்று வாதாடினார்கள். அந்த வாதத்திலிருந்து இரு தரப்பாரும் கற்றுக்கொண்டது, தனித்தனியே கற்றுக்கொண்டதைவிட அதிகமாக இருந்தது. ஆராயப்படுகிறவனும் ஆராய்ச்சியில் பங்காளி என்ற இந்த முறைக்கு லெவின் வைத்த பெயர்தான் ‘செயலாராய்ச்சி’. முதலில் ஒரு காரியத்தைத் திட்டமிடு, செய்து பார், என்ன நடந்தது என்று கவனி, திருத்து, மறுபடி செய். அவ்வளவுதான். அடுத்த வருஷமே, 1947-ல், லெவின் காலமாகிவிட்டார்.

அவருடைய யோசனையைப் பள்ளிக்கூடத்துக்குள் அழைத்துவந்தவர் நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியில் இருந்த ஸ்டீபன் கோரே. வாத்தியார்களே தங்கள் வகுப்பை ஆராயலாம் என்று 1953-ல் புத்தகம் எழுதினார். பண்டிதர்கள் ஏளனம் செய்தார்கள். வாத்தியாராவது, ஆராய்ச்சி செய்வதாவது! புள்ளிவிவரம் தெரியாதவன் கையில் ஆராய்ச்சி என்ன ஆகும்? சில வருஷங்களில் அமெரிக்காவில் அந்தப் பேச்சு அடங்கிப்போயிற்று.

அணைந்த அடுப்பில் நெருப்பு மூண்டது இங்கிலாந்தில். அங்கே கட்டாயக் கல்வி வயதை 15-லிருந்து 16 ஆக உயர்த்துவது என்று 1964-ல் அறிவித்தார்கள். அது அமலுக்கு வந்தது 1972-ல். உபாத்தியாயர்களுக்குக் கவலை பிடித்தது. படிப்பில் நாட்டமில்லாமல், எப்போது வேலைக்குப் போகலாம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களையும் பெண்களையும் இன்னும் ஒரு வருஷம் வகுப்பில் உட்கார வைத்து என்ன சொல்லித்தருவது?

இதற்காக 1967-ல் ‘மானிடவியல் பாடத்திட்டம்’ என்ற ஒரு திட்டம் ஏற்பட்டது. அதன் தலைவர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ். அவர் சொன்ன யோசனை புரட்சிகரமானது. இந்தப் பிள்ளைகள் இன்னும் சில வருஷங்களில் ஓட்டுப் போடுவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள், வேலைக்குப் போவார்கள். ஆகவே பெரியவர்களே ஒத்துப்போகாத விஷயங்களை அவர்கள் முன் வையுங்கள் என்றார். யுத்தம், குடும்பம், வறுமை, வேலை, சட்டமும் ஒழுங்கும், நகர வாழ்க்கை என்று ஒவ்வொரு தலைப்புக்கும் பத்திரிகைத் துணுக்குகள், கடிதங்கள், கவிதைகள், புகைப்படங்கள் எல்லாம் அடங்கிய கட்டுகள் தயாராயின. பிள்ளைகள் அவற்றைச் சான்றாக வைத்துக்கொண்டு விவாதிக்க வேண்டும். வாத்தியார்? அவர் சபைத் தலைவரைப் போல் நடுநிலையில் இருக்க வேண்டும். தம் அபிப்பிராயத்தைப் பிள்ளைகள் மேல் திணிக்கக் கூடாது.

கேட்பதற்குச் சுலபம். நடத்திப் பார்த்த வாத்தியார்களைக் கேட்க வேண்டும்! வாயை மூடிக்கொண்டாலும் புருவம் பேசுகிறது. ஒரு பையன் வாத்தியாருக்குப் பிடித்ததைச் சொன்னால் தலை தானாக ஆடுகிறது. பிடிக்காததைச் சொன்னால் அடுத்த பையனைப் பார்த்துக் கை நீளுகிறது. நடுநிலை என்பது ஒரு கொள்கை அல்ல, நாள்தோறும் பழக வேண்டிய வித்தை என்று தெரிந்தது. அந்த வித்தையை வெளியிலிருந்து ஒருவர் கற்றுத்தர முடியாது. ஒவ்வொரு வாத்தியாரும் தம் வகுப்பையே ஆராய்ச்சிச்சாலையாக வைத்துக்கொண்டு கற்க வேண்டும்.

ஸ்டென்ஹவுஸிடம் வேலை பார்த்த ஜான் எலியட், தாமே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். அவரும் கிளெம் ஆடெல்மன் என்பவரும் 1972 முதல் 1974 வரை இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் 12 பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த சுமார் 40 வாத்தியார்களோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். போர்டு ஸ்தாபனம் பண உதவி செய்தது. இந்த வாத்தியார்கள் எல்லோருமே விசாரணை முறையில் பாடம் நடத்துகிறோம் என்று நம்புகிறவர்கள். அது உண்மையா என்று அவர்களே பார்க்க வேண்டும்.

முறை எளிது. வகுப்பை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்வார்கள். பாடம் முடிந்ததும் வாத்தியாரிடம் அவர் தரப்பைக் கேட்பார்கள். வெளியிலிருந்து வந்து பார்த்தவர் தம் தரப்பைச் சொல்வார். பிறகு பிள்ளைகளைத் தனியே அழைத்து, “வகுப்பில் என்ன நடந்தது?” என்று கேட்பார்கள். பிள்ளைகள் சம்மதித்தால் மட்டுமே அவர்கள் சொன்னது வாத்தியாரின் காதுக்குப் போகும். ஒரே சம்பவத்துக்கு மூன்று சாட்சிகள்! கதை எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு சண்டையை மாமியார் சொல்லும் விதமும், மருமகள் சொல்லும் விதமும், பக்கத்து வீட்டுக்காரி சொல்லும் விதமும் மூன்று கதைகள் அல்லவா? உண்மை அந்த மூன்றுக்கும் நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும்.

என்ன தெரிந்தது என்பதை விளக்க நானே ஒரு வகுப்பைக் கற்பனை செய்து காட்டுகிறேன். வாத்தியாரம்மாள் ஒரு படத்தை மேஜைமேல் வைக்கிறாள். 1842-ல் பார்லிமெண்டில் சமர்ப்பிக்கப்பட்ட சுரங்க விசாரணை அறிக்கையில் வெளிவந்த படம். நிமிர்ந்து நிற்க முடியாத இருட்டுக் குகையில் ஒரு சிறுவன் இடுப்பில் சங்கிலி கட்டிக்கொண்டு நிலக்கரி வண்டியை இழுக்கிறான். அந்தப் படங்களைப் பார்த்து நாடே பதறிற்று. பெண்களும், 10 வயதுக்குக் குறைந்த சிறுவர்களும் சுரங்கத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று அதே வருஷம் சட்டம் வந்தது.

“இவனை இவன் பெற்றோர் ஏன் அனுப்பினார்கள்? நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.”

ஒரு பையன், “வறுமை” என்கிறான்.

“பேஷ், ரொம்ப சரி! எல்லோரும் ஒப்புக்கொள்கிறீர்களா?”

வகுப்பு மௌனம். மௌனம் சம்மதம். பாடம் மேலே போகிறது. பின் வரிசையில் ஒரு பெண். அவளுடைய தாத்தா சுரங்கத் தொழிலாளி. ‘அப்பாவும் அதே சுரங்கத்தில் இருந்திருப்பார், பிள்ளை அவருக்கு ஒத்தாசையாகப் போயிருப்பான், அன்னியனிடம் விடுவதைவிட அது மேல் என்று நினைத்திருப்பார்கள்’ என்று அவள் மனத்தில் ஓடுகிறது. ஆனால் சரியான பதில்தான் வந்துவிட்டதே! வாயைத் திறக்காமல் இருந்துவிடுகிறாள். சாயங்காலம் கேட்டால் வாத்தியாரம்மாள் என்ன சொல்லுவாள்? “பிள்ளைகளைச் சுதந்தரமாக விவாதிக்க விட்டேன்” என்பாள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறாள். பின் வரிசைப் பெண் என்ன சொல்லுவாள்? “டீச்சர் மனத்தில் இருந்ததை அந்தப் பையன் கண்டுபிடித்துவிட்டான்” என்பாள்.

இதைப் போன்ற முடிவுகளைத்தான் அந்தக் கிழக்குச் சீமை வாத்தியார்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். ‘நல்லது’, ‘சரி’, ‘சுவாரசியமாக இருக்கிறது’ என்று ஒரு கருத்தைப் புகழ்ந்தால் மற்றக் கருத்துக்கள் வெளிவராமல் போகலாம். ‘எல்லோரும் ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டால், ஒப்புக்கொள்ளாதவன் வாயை மூடிக்கொள்ளலாம். விவாதம் சூடு பிடிக்கும் நேரத்தில் வாத்தியார் பேச்சை வேறு பக்கம் திருப்பினால், தாங்கள் சொன்னதற்கு மதிப்பில்லை என்று பிள்ளைகள் எண்ணலாம். இவை சின்ன விஷயங்கள். புகழ்வது பாவம் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் அன்பாகச் சொன்ன ஒரு ‘பேஷ்’, பிரம்பைவிடச் சுத்தமாக ஒரு வகுப்பின் வாயை அடைத்துவிடும்!

அதே காலத்தில் அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் விஞ்ஞான வகுப்புகளைப் பதிவு செய்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். 3 வினாடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது. பேசாத பிள்ளையும் பேசுகிறது. நீங்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 3 வினாடி சும்மா இருந்து பாருங்கள். அது எவ்வளவு பெரிய தவம் என்று தெரியும்.

இந்த ஆராய்ச்சியை ஆட்சேபித்தவர்களும் உண்டு. தானே வாதி, தானே நீதிபதி என்றால் தீர்ப்பு எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். நாற்பது பேருடைய அனுபவத்தை வைத்து நாட்டுக்கே விதி வகுக்கலாமா என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில், அவர்கள் விதி வகுக்கவே இல்லை என்பது. ‘இப்படி நடக்கலாம், உங்கள் வகுப்பில் சோதித்துப் பாருங்கள்’ என்றுதான் சொன்னார்கள். முதல் கேள்வி நியாயமானது. அதனால்தான் பிள்ளைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஆனால் அதற்குப் பிள்ளைகளுக்குத் தைரியம் வேண்டும். அவர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மறுநாளும் அவர்கள் முன் நிற்க வாத்தியாருக்கு அதைவிடத் தைரியம் வேண்டும்.

பெரியவர்களுக்கே அந்தத் தைரியம் இல்லாமல் போனதும் உண்டு. 1968-ல் ஈனக் பவல் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர், குடியேறி வந்த கறுப்பரையும் ஆசியரையும் எதிர்த்து பர்மிங்ஹாமில் பேசிய பேச்சு நாட்டைக் கலக்கிற்று. கென்யாவிலிருந்து நம் இந்தியக் குடும்பங்கள் அங்கே போய் இறங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. ஸ்டென்ஹவுஸின் குழு இனப் பிரச்னையைப் பற்றியும் ஒரு கட்டுத் தயாரித்தது. 1972-ல், திட்டத்தை நடத்திய ஸ்கூல்ஸ் கவுன்சில் அதை வெளியிட மறுத்துவிட்டது. தெருவிலும் டெலிவிஷனிலும் எல்லோரும் கத்துகிற விஷயத்தை வகுப்பில் நிதானமாகப் பேசக் கூடாது! ஸ்டென்ஹவுஸ் சோர்ந்துவிடவில்லை. வேறு இடத்தில் பணம் திரட்டி, பல பள்ளிகளின் வாத்தியார்களைச் சேர்த்துக்கொண்டு, இன உறவைப் பற்றிப் பாடம் நடத்தினால் என்ன ஆகிறது என்று 1975 வரை அவர்களையே சோதிக்கச் செய்தார். சிலர் நடுநிலையில் நின்றார்கள். சிலர் துவேஷத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். சிலர் நாடகம் போட வைத்தார்கள்.

ஸ்டென்ஹவுஸ் 1982-ல் 56-வது வயதில் காலமானார். ஸ்கூல்ஸ் கவுன்சிலை 1984-ல் மூடிவிட்டார்கள். 1988-ல் வந்த சட்டம் எந்த வயதில் எந்தப் பாடம் என்பதை நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி நிர்ணயித்துவிட்டது. வாத்தியார் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை, சொன்னதைச் செய்தால் போதும் என்ற காலம் மறுபடி வந்தது.

ஆனால் செயலாராய்ச்சி என்ற சொல் மட்டும் சாகவில்லை. உலகம் சுற்றி, நம் தமிழ்நாட்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வந்தது உடம்பா, உயிரா என்பதுதான் கேள்வி. மேலதிகாரி கேட்டார் என்பதற்காகப் பக்கம் பக்கமாக எழுதி, பைண்டு செய்து, அலமாரியில் வைத்துவிட்டால் அது ராஜா நட்ட மரம்தான். மார்க் நிச்சயம், நிழல் கிடையாது. லெவினுடைய சமையலறைக் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா? கட்டளையினால் வந்தது 3. தானே விரும்பி எடுத்தது 32.

இன்றைக்கு டேப் ரிக்கார்டர் கூட வேண்டாம். ஒவ்வொரு வாத்தியார் சட்டைப்பையிலும் இருக்கிற டெலிபோனே குரலைப் பதிவு செய்யும். சரித்திர வகுப்பு ஒன்றைப் பதிவு செய்துகொண்டு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு கேட்டால் போதும். எத்தனை கேள்விகள் கேட்டோம். அவற்றில் நமக்கே பதில் தெரியாத கேள்வி எத்தனை. பின் வரிசையிலிருந்து எத்தனை குரல் வந்தது என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணலாம். செலவு ஒரு பைசா இல்லை.

குடியரசில் வாழப்போகிற பிள்ளைக்குச் சமூகக் கல்வி என்று ஒரு பாடம் வைத்திருக்கிறோம். அந்தப் பாடத்தில் அது கற்கும் முதல் விஷயம், அதிகாரத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வது என்றால், சட்டசபையின் அங்கத்தினர் எத்தனை பேர் என்று மனப்பாடம் செய்து என்ன பிரயோஜனம்? ‘எனக்கு வேறு அபிப்பிராயம்’ என்று ஒரு குழந்தை எழுந்து நின்று சொல்லவும், அதைக் கேட்டு வாத்தியார் அடுத்த 3 வினாடி பேசாமல் இருக்கவும் முடிந்தால், அந்த வகுப்பில் குடியரசு பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.